உள்ளபடியே அச்சிடுக

அரசு அச்சகத்தில் பிழை திருத்துகிறவளாக எனக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். இத்தனை வருஷத்தில் என் கண்ணுக்குத் தப்பிப் போன பிழைகள் மொத்தம் ஏழு. ஏழும் எனக்கு மனப்பாடம். அதில் பெரியது, 'கல்வி அமைச்சர்' என்பதில் ல் தலையில் இருக்கவேண்டிய புள்ளி விழாமல் போனது. பாவம் அந்த மனுஷர், மூன்று மாதம் வெளியே தலைகாட்டவில்லை. அன்றிலிருந்து புள்ளி விஷயத்தில் என்னிடம் யாரும் வாலாட்ட முடியாது. மளிகைச் சீட்டில்கூட நான் ஒற்றுப்பிழை பார்ப்பேன் என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அவர் பஸ் ஓட்டுகிறவர், அதனால் அவருக்கு ஊர் பெரியது.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. எழுத்துப்பிழையை நாங்களே திருத்தலாம். ஆனால் விஷயமே தப்பாக இருந்தால் தொடக் கூடாது. ஓரத்தில் பச்சை மையால் ஒரு கேள்விக்குறி போட்டு, எழுதிய அலுவலகத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அங்கே இருப்பவர் திருத்தித் தரலாம். அல்லது 'உள்ளபடியே அச்சிடுக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். பெரும்பாலும் இரண்டாவதுதான் வரும். தப்பை ஒப்புக்கொள்வதைவிடக் கையெழுத்துப் போடுவது சுலபம். எங்கள் மேலாளர் முப்பது வருஷமாக இதைப் பார்த்துப் பார்த்து, 'எப்படி இருக்கீங்க சார்' என்று கேட்டால்கூட 'உள்ளபடிம்மா' என்பார். அவருக்குப் பெயரே உள்ளபடி சார்.

இது நடந்தபோது என் தம்பி ஜெயிலில் இருந்தான். உள்ளே போய்ப் பதினோரு மாதம். அவன் மகளுக்கு எட்டு மாதம். பிள்ளையை அவன் ஒருநாளும் கையில் வாங்கியதில்லை. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பான். அவள் அப்பன் முகத்தை விட்டுவிட்டு வலையைக் கடிக்கப் பார்ப்பாள். குற்றம் நிரூபணமானால் பதினைந்து வருஷம் என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். அதற்குள் அவள் பத்தாவதே முடித்துவிடுவாள். அதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

அவன் செய்த குற்றம், அரசாங்கம் கூப்பிட்டதும் போனது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எல்லைக்கு அந்தப் பக்கத்து அரசாங்கத்துக்கும் எங்கள் அரசாங்கத்துக்கும் ஆகாது. நேராகச் சண்டைக்குப் போனால் உலகம் பார்க்கும் என்று, மலையில் சும்மா இருந்த ஒரு முரட்டுக் கூட்டத்தைப் பிடித்து, 'மலையரண் படை' என்று பெயர் வைத்து, துப்பாக்கி, பூட்ஸ், வெடிமருந்து எல்லாம் கொடுத்து அந்தப் பக்கம் அனுப்பினார்கள். பாலத்தை எப்படித் தகர்ப்பது என்று சொல்லிக்கொடுக்க அரசுச் செலவில் ஒரு பள்ளிக்கூடமே நடந்தது. எங்கள் தெருவுக்கு வேன் வந்து, படைக்கு ரேடியோ மெக்கானிக் வேண்டும் என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். தம்பிக்கு அப்போது இருபது வயது. கழற்றி மாட்டுவதென்றால் சாப்பாடு வேண்டாம் அவனுக்கு. வேனில் ஏறிவிட்டான். படைத்தலைவரும் அமைச்சரும் கை குலுக்கும் படத்தை எங்கள் அச்சகம்தான் அச்சடித்தது. கீழே 'நாட்டின் நண்பர்கள்' என்று போட்டிருந்தது. அதில் புள்ளியெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான்.

பிறகு இரண்டு அரசாங்கங்களும் சமாதானமாகிவிட்டன. துப்பாக்கியைத் திருப்பித் தரச் சொன்னார்கள். கொடுத்தது கொடுத்ததுதான் என்று படைத்தலைவர் சொல்லிவிட்டார். படித்த பாடம் மறந்துவிடக் கூடாதே என்று எங்கள் பக்கத்துப் பாலம் ஒன்றைத் தகர்த்தும் காட்டினார். நல்லவேளையாக அப்போது பாலத்தில் யாரும் இல்லை. அன்று மாலையே தம்பி மலையிலிருந்து இறங்கி வந்துவிட்டான்.

"நம்ம பாலத்தையே ஒடைக்கறதுக்கு நான் எதுக்குக்கா ரேடியோ சரி பண்ணித் தரணும்" என்றான். "அரசாங்கம் குடுத்த செட்டு வேற, அவ்வளவு உசத்தி. இப்ப அவங்களே ஒட்டுக் கேக்கணும்னாலும் முடியாது."

தெருமுனையில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டான். கல்யாணம் செய்துகொண்டான். மூன்று வருஷம் நிம்மதியாக ஓடியது. அதற்குள் மலையில் இருந்தவர்கள் எல்லோரும் பயங்கரவாதிகள் என்று அறிவித்து, ஒருகாலத்தில் இருந்தவர்களையும் தேடித்தேடிப் பிடித்தார்கள். தம்பியைக் கடையில் வைத்துப் பிடித்தபோது அவன் கையில் அந்த இன்ஸ்பெக்டரின் மாமியார் கொடுத்திருந்த ரேடியோதான் இருந்தது.

இந்த நிலைமையில்தான், ஒரு திங்கட்கிழமை காலையில், உள்ளபடி சார் என் மேஜையில் இரண்டு பக்கத்து உத்தரவு ஒன்றை வைத்தார்.

"எல்லாச் சட்டத்தையும் ஒரே தொகுப்பாப் புதுசாப் போடணுமாம்மா. இனிமே இந்தப் புத்தகத்துல இருக்கறதுதான் செல்லும், பழசு எதுவும் செல்லாதுன்னு மொதப் பக்கத்துலயே போடச் சொல்லியிருக்காங்க."

"அது சரி சார். இந்த ரெண்டாவது பக்கம் என்ன?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குத் தர்மசங்கடம் வந்தால் கண்ணாடிக்குத் தூசி வந்துவிடும்.

இரண்டாவது பக்கத்தில் இரண்டே வரி. 'மலையரண் வீரர்' என்று வரும் இடங்களில் எல்லாம் 'பயங்கரவாதி' என்று மாற்றுக. 'மலையரண்' என்று மட்டும் வந்தால் 'பயங்கரவாதம்' என்று மாற்றுக.

"மலையரண் படைக்குன்னு போட்ட சட்டத்தை ரத்து பண்ணிட்டாப் போதுமே சார்."

"ரத்து பண்ணணும்னா சட்டசபையில பேசணும். பேசினா, இவங்களுக்குன்னு நாம ஒரு சட்டம் வேற வச்சிருந்தோமான்னு யாராவது கேப்பாங்க. வார்த்தையை மாத்திட்டா ஒருத்தருக்கும் தெரியாதுன்னு சட்டத் துறைச் செயலாளர் நினைக்கிறார்."

"சார், இது வினையாப் போகும்."

"உள்ளபடி போடும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாற்றினோம். பிழை பார்க்க முதல் படி கைக்கு வந்ததும் உட்கார்ந்து படித்தேன். பள்ளிகளுக்கான விதியில், காலை வகுப்பில் ஆசிரியர் கேட்கவேண்டிய கேள்வியும் மாணவர் சொல்லவேண்டிய பதிலும் இருந்தன. நம் எல்லையை இரவும் பகலும் காப்பவர் யார்? பயங்கரவாதிகள். அடுத்த பக்கத்தில், ஒவ்வொரு பயங்கரவாதிக்கும் ஆண்டுக்கு இரண்டு ஜோடி பூட்ஸ் அரசால் வழங்கப்படும். பயங்கரவாதி பஸ்ஸில் ஏறினால் நடத்துநர் முன்வரிசை இருக்கையைக் காலி செய்து கொடுக்க வேண்டும். மலையரண் துறை என்று இருந்தது 'பயங்கரவாதம் துறை' ஆகியிருந்தது. அதை மட்டும் நான் 'பயங்கரவாதத் துறை' என்று திருத்தினேன். ஒற்றுப் போடுவது என் அதிகாரத்துக்கு உட்பட்டது.

மற்ற எல்லா இடத்திலும் கேள்விக்குறி போட்டேன். முப்பத்தேழு கேள்விக்குறிகள். பக்கமே பச்சையாகிவிட்டது. சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு விக்கல் எடுத்துவிட்டது. இரண்டு நாளில் திரும்பி வந்தது: 'உள்ளபடியே அச்சிடுக.' செயலாளரின் சின்னக் கையெழுத்து. இரண்டாம் படியிலும் முப்பத்தேழையும் போட்டு அனுப்பினேன். மறுபடியும் அதே பதில், கையெழுத்து மட்டும் கொஞ்சம் கோபமாக இருந்தது.

அன்று சாயங்காலம் தம்பி மனைவியும் பிள்ளையும் எங்கள் வீட்டில் இருந்தார்கள். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். தம்பி மனைவியைச் சிரிக்க வைத்து நாளாயிற்று என்று, நான் மனப்பாடமாக ஒவ்வொரு பிரிவாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் முன்வரிசை இருக்கை என்றதும் என் கணவருக்குப் புரையேறிவிட்டது.

"நாளைக்கு எவனாவது ஏறி, நான் பயங்கரவாதி, எந்திரின்னு சொன்னா நான் என்ன பண்றது?"

"பிரிவு நாலைக் கேளுங்க, இன்னும் நல்லா இருக்கும். 'பயங்கரவாதி ஒவ்வொருவரும் அரசு ஊழியராகக் கருதப்படுவர். பயங்கரவாதத் துறையின் எழுத்துமூலமான அனுமதி இன்றி அவர்மீது எந்த வழக்கும் தொடரக் கூடாது. அனுமதி இன்றித் தொடர்ந்த வழக்கு செல்லாது.'"

தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் கணவர் சிரிக்கவில்லை. தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கும் உறைத்தது. கையில் எடுத்த வாய்ச் சோறு அப்படியே நின்றது.

"அக்கா" என்றாள் தம்பி மனைவி, மெதுவாக. "அவரைப் பயங்கரவாதின்னுதானே கேஸ் போட்டிருக்காங்க?"

அன்றைக்குப் பிறகு எனக்கு நிம்மதி போய்விட்டது. இன்னும் இறுதிப் படி பாக்கி இருந்தது. அதிலும் பிழை கண்டால் கேள்விக்குறி போட்டே ஆகவேண்டும், அது விதி. போட்டால் இந்தத் தடவை யாராவது தூக்கம் கலைந்து பிரிவு நான்கைத் திருத்திவிடலாம். போடாவிட்டால் தம்பி வெளியே வரலாம், எனக்கு எட்டாவது பிழை சேரும். அதுவும் கண் தெரியாமல் விட்டதல்ல, கண்ணை மூடிக்கொண்டு விட்டது. படியை மேஜையில் வைத்துக்கொண்டு அரை நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் தம்பி, என் உயிர் அவன். ஆனால் பச்சைப் பேனா கைக்கு வந்துவிட்டால் என் கை என் பேச்சைக் கேட்காது. போட்டுத் தொலைத்தேன். முப்பத்தேழும் போட்டேன். பிரிவு நான்குக்கு எதிரே மட்டும், இது சரிதானா, ஒருமுறை பார்க்கவும் என்று எழுதியும் வைத்தேன்.

வீட்டில் வந்து சொன்னதும் என் கணவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன்.

"உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? எழுதி வேற காட்டிக் குடுத்தியா?"

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. கல்யாணமானதிலிருந்து அவர் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் பேசாமல் இருந்ததே அதுதான் முதல் தடவை. தம்பி மனைவி பிள்ளையை என் மடியில் போட்டாள். அது இன்னும் கொடுமையாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை உள்ளபடி சார் ஓட்டமும் நடையுமாக வந்து படியை என் முன்னால் வைத்தார். செயலாளர் இந்தத் தடவை முழுக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, தேதியும் போட்டிருந்தார். 'பிரிவு நான்கு உள்பட அனைத்தையும் உள்ளபடியே அச்சிடுக. இனியும் கேள்வி எழுப்பினால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.' அவசரத்தில் 'ஒழுங்கு' என்பதில் ங் மேல் புள்ளி வைக்க மறந்திருந்தார். என் சர்வீஸில் முதல் தடவையாக ஒரு புள்ளியை மன்னித்துவிட்டேன். அந்தத் தாளை முத்தம் கொடுக்காத குறைதான்.

"என்னம்மா, திட்டி எழுதியிருக்காங்க, நீ சிரிக்கிற" என்றார் சார்.

"உள்ளபடி சார்" என்றேன்.

தொகுப்பு வெளிவந்த பத்தாவது நாள் வழக்கு வந்தது. வக்கீலம்மா குள்ளமாக, எப்போதும் ஜலதோஷத்தோடு இருப்பவர். நான் சொல்லி வாங்கிய தொகுப்பைக் கைக்குட்டைக் குவியலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். அரசு வக்கீல் ஆறடி உயரம். அன்று அவர் பேச்சில் பொறி பறந்தது. தம்பி மலையில் இருந்ததற்குச் சாட்சி, ரேடியோ சரி செய்ததற்குச் சாட்சி, பூட்ஸ் போட்டுக்கொண்டு நிற்கும் புகைப்படம். புகைப்படத்தில் தம்பியின் தோளில் ஒரு கை மட்டும் இருந்தது. அந்தக் கைக்குச் சொந்தக்காரரான அமைச்சரைக் கத்தரித்துவிட்டிருந்தார்கள்.

ஒவ்வொன்றுக்கும் வக்கீலம்மா எழுந்து மூக்கை உறிஞ்சி, "ஒத்துக்கறோம் ஐயா" என்றார்.

நீதிபதியே கேட்டுவிட்டார். "எல்லாத்தையும் ஒத்துக்கறீங்க. அப்ப இவர் பயங்கரவாதிதான்னு ஒத்துக்கறீங்களா?"

"அரசுத் தரப்பு சந்தேகம் இல்லாம நிரூபிச்சா ஒத்துக்கறோம்."

"நிரூபிச்சாச்சு" என்றார் அரசு வக்கீல், நெஞ்சை நிமிர்த்தி. "சந்தேகத்துக்கு இடமே இல்லை."

"நன்றி" என்று வக்கீலம்மா புத்தகத்தைத் திறந்து பிரிவு நான்கை வாசித்தார்.

அரசு வக்கீல் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடியும் உள்ளே பார்த்தார். திருதிருவென்று விழித்தார். பிறகு சமாளித்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னார்.

"ஐயா, இது வெறும் அச்சுப்பிழை."

எனக்கு உச்சி மயிர் நட்டுக்கொண்டது. தம்பி, ஜெயில், பதினைந்து வருஷம் எல்லாம் ஒரு நொடி மறந்துவிட்டது. அச்சுப்பிழையாம். பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து நின்றேன். அப்போதுதான் கவனித்தேன், எனக்குப் பக்கத்தில் உள்ளபடி சாரும் எழுந்து நிற்கிறார். கையில் அச்சகத்துக் கட்டு. எந்தப் பிரச்சினைக்கும் போகாத மனுஷர், சம்மன் வருவதற்கு முன்பே கொண்டுவந்திருக்கிறார்.

என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். நான் குற்றவாளியின் அக்கா, என் பேச்சு செல்லாது என்று அரசு வக்கீல் குதித்தார்.

"அக்காவா நடந்திருந்தா நான் கேள்விக்குறியே போட்டிருக்கக் கூடாதுங்க ஐயா" என்றேன். "பிழை திருத்தறவளா நடந்தேன். மூணு தடவை போட்டேன். மூணு தடவையும் அப்படியே அச்சடிக்கச் சொல்லிக் கையெழுத்து வந்திருக்கு. பாருங்க."

நீதிபதி மூன்று படிகளையும் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பள்ளிக்கூட விதி வந்த இடத்தில் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. பஸ் இருக்கை விதி வந்ததும் கைக்குட்டையை எடுத்துவிட்டார். நிமிர்ந்தபோது முகத்தைக் கஷ்டப்பட்டு நீதிபதி முகமாக வைத்துக்கொண்டார்.

"அரசு வக்கீல். வழக்குத் தொடர பயங்கரவாதத் துறையோட அனுமதி வாங்கினீங்களா?"

"அப்படி ஒரு துறையே கிடையாதுங்க ஐயா."

"புத்தகத்துல இருக்கே. ஒற்றெல்லாம் சரியாப் போட்டு இருக்கே."

எனக்குப் பெருமையில் காது சூடாகிவிட்டது.

"பூட்ஸ் குடுத்தது யாரு, துப்பாக்கி குடுத்தது யாரு, இந்தப் படத்துல தோள்ல கை போட்டிருக்கறது யாருன்னு நான் கேக்கத் தொடங்கினா, பதில் சொல்ல உங்க கட்சிக்காரர் தயாரா?" என்று நீதிபதி கேட்டார். இப்போது அவர் சிரிக்கவில்லை. அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பு நாலே வரி. அனுமதி இல்லை, வழக்கு செல்லாது. வெளியே வந்ததும் நான் வக்கீலம்மாவைக் கேட்டேன், அரசாங்கம் நாளைக்கே சட்டத்தைத் திருத்தி மறுபடி பிடித்தால் என்ன செய்வது என்று.

"திருத்தணும்னா சபையைக் கூட்டணும். கூட்டினா பழசெல்லாம் பேசணும்" என்று மூக்கைத் துடைத்தார். "அவங்க வாயே திறக்க மாட்டாங்க. நீங்க நிம்மதியாப் போங்க."

தம்பியை மாலை நாலு மணிக்கு விட்டார்கள். என் கணவர் அன்று லீவு போடாமல், டிப்போவில் சொல்லி வைத்து, பஸ்ஸையே ஜெயில் வாசல் வழியாக ஓட்டிக்கொண்டு வந்தார். முன்வரிசையில் இருந்த பெரிய மீசைக்காரரிடம், "சார், கொஞ்சம் எந்திரிங்க, சட்டப்படி இவருக்குத்தான் சீட்டு" என்றார். அவர் விஷயம் கேட்டு, சிரித்துச் சிரித்து எழுந்து, தம்பி கையைப் பிடித்துக் குலுக்கினார். தம்பி உட்கார்ந்தான். அவன் மனைவி பிள்ளையை அவன் மடியில் வைத்தாள். பிள்ளை அவனைப் பார்த்தது, மூக்கைப் பிடித்தது, கடித்துப் பார்த்தது. அவன் அசையவே இல்லை. வீடு வரும்வரை யாராவது பிடுங்கிக்கொள்வார்கள் என்பதுபோல் இரண்டு கையாலும் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தான். பஸ்ஸில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்தேன், அழுதேன், எது முதலில் என்று தெரியவில்லை.

மறுநாளே பிள்ளையின் பிறப்பைப் பதிவு செய்யப் போனோம். தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் தம்பி மனைவி எட்டு மாதம் தள்ளிப்போட்டிருந்தாள்.

பதிவு அலுவலகச் சுவரில் அன்று காலைதான் ஒட்டிய ஒரு பெரிய அறிவிப்பு இருந்தது. மலையில் இருக்கும் பயங்கரவாதிகளை ஒழிக்க 'சமவெளிக் காவலர்' என்று ஒரு புதுப் படை. துப்பாக்கியும் பூட்ஸும் அரசு தரும். ரேடியோ மெக்கானிக்குகளுக்கு முன்னுரிமை. எங்கள் அச்சகத்து வேலைதான், நான் லீவில் இருந்த நாளில் போயிருக்கிறது. தம்பி அதன் முன்னால் நின்று, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தான்.

எழுத்தருக்கு எங்கள் கதை தெரிந்திருந்தது. பேப்பரில் வந்திருந்ததே. எழுந்து நாற்காலி போட்டார்.

"தொழில் அரசு ஊழியர்னு போட்டுடறேன் தம்பி. கோர்ட்டே சொல்லிடுச்சு."

"வேணாம் சார். ரேடியோ ரிப்பேர்னு போடுங்க."

எழுத்தர் எழுதத் தொடங்கினார்.

"சார்" என்றான் தம்பி, சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு. "வீட்டு ரேடியோ மட்டும்னு சேத்து எழுதுங்க."

"கட்டத்துல எடம் இல்லையேப்பா."

"சின்ன எழுத்தா எழுதுங்க, பரவாயில்ல."

எழுதினார். நான் எட்டிப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது.